மனதைச் சோதிப்பதா, துப்பாக்கியைக் குறைப்பதா?

அமெரிக்காவில் ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் இதே வாக்குவாதம்தான். மனநலத்தைக் கவனித்தால் போதும் என்பது ஒரு தரப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2007-ல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்ற மாணவரை, 2005-லேயே நீதிமன்றம் மனநலச் சிகிச்சைக்குப் போகச் சொல்லியிருந்தது. வெளிநோயாளி என்பதால் துப்பாக்கி வாங்கத் தடையுள்ளவர்களின் மத்தியப் பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை. கடையில் அந்தப் பட்டியலைப் பார்க்கும் சோதனையும் நடந்தது. இரண்டு கைத்துப்பாக்கிகளும் கைக்கு வந்தன.

இன்னொரு தரப்பு ஆஸ்திரேலியாவைக் காட்டும். 1996-ல் போர்ட் ஆர்தரில் 35 பேர் இறந்ததும், அரசு சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளைக் காசு கொடுத்து வாங்கி அழித்தது. ‘தற்காப்புக்கு’ என்று சொன்னால் அங்கே உரிமம் கிடையாது. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. மனநோயாளிகளில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லையே.

அப்புறம், அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. அந்தத் தற்கொலைகளில் மட்டும் முதல் தரப்பு சொல்வதிலும் விஷயம் இருக்கிறது.