இரட்டை பெட்ரோல் பம்ப் போடுபவர்கள் கவனத்துக்கு: என் 3,200 ரிங்கிட் போன கதை

என் பழைய புரோட்டோன் வீரா காரில் மிட்சுபிஷியின் 4ஜி63 டர்போ இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது. பூஸ்ட்டை, அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை, 22 பிஎஸ்ஐக்கு ஏற்றியதும் ஒற்றை பெட்ரோல் பம்ப் தாங்கவில்லை. ஷா ஆலம் பக்கம் ஒரு பட்டறைக்காரர், தொட்டிக்குள்ளேயே இரண்டு வால்ப்ரோ 255 பம்ப், பம்ப்புக்கு மின்சாரம் கொடுக்கும் தனித்தனி ரிலே சுவிட்ச், தடித்த கம்பி, கூலி எல்லாம் சேர்த்து 3,200 ரிங்கிட் என்றார். சரி என்றேன். சாவியைத் திருப்பிக் காட்டினார், இரண்டும் ரீங்காரம் போட்டன. எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அங்கேதான் ஏமாந்தேன். இன்ஜின் சும்மா ஓடும்போது ஒரு பம்ப்பே தேவைக்கு மேல். முழு பூஸ்ட்டில், எரிபொருள் அழுத்தம் 65 பிஎஸ்ஐ தொடும்போதுதான் குட்டு வெளிப்படும். எனக்கு வெளிப்பட்டது செப்பாங் பந்தயத் தடத்தில். நீண்ட நேர்பாதை, நான்காம் கியர், காற்றுக்கும் பெட்ரோலுக்குமான விகிதத்தில் 11.5 காட்ட வேண்டிய ஏர்-ஃபியூல் மீட்டர் 13.8க்குத் தாவியது, அதாவது பெட்ரோல் போதவில்லை. காலை எடுப்பதற்குள் ஆணி தட்டுவது போல ஒரு சத்தம். ஒரு பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பே உடைந்துவிட்டது.

வேறொரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். கம்பளத்தைத் தூக்கினார். பேட்டரியிலிருந்து இரண்டடிக்குத் தடித்த சிவப்புக் கம்பி. அதற்கப்புறம் கம்பெனியின் பழைய மெல்லிய கம்பியோடு முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. ரிலேயும் ஒன்றே ஒன்றுதான். இரண்டு பம்ப்பையும் ஓடவிட்டு அளந்தால் பேட்டரியில் 13.8 வோல்ட், பம்ப்பில் 10.9. அந்த வோல்ட்டில் எந்த பம்ப்பும் முழுசாகத் தள்ளாது.

தொட்டியைத் திறந்தபோது இன்னும் மோசம். பம்ப்பை இணைத்த ரப்பர் குழாய் இட்லி மாதிரி ஊதி, கிளிப் ஓரத்தில் பிளந்து, பெட்ரோல் தொட்டிக்குள்ளேயே பீய்ச்சிக்கொண்டிருந்தது. தொட்டிக்கு வெளியே போடுகிற குழாய் அது. பெட்ரோலில் முழுக மூழ்கிக் கிடக்கும் குழாயில் 'எஸ்ஏஇ ஜே30 ஆர்10' என்று அச்சடித்திருக்க வேண்டும். வெளியே போடுகிற ஆர்9 ரகமும் நல்ல குழாய்தான், ஆனால் அதன் வெளித்தோல் மூழ்குவதற்குச் செய்ததல்ல. ஆர்10 விலை அதிகம், அந்த ஒரு சாண் குழாயில்தான் மிச்சம் பிடித்திருக்கிறார். பம்ப்புகளில் ஒன்று போலி என்பது அண்ணனின் சந்தேகம். சந்தையில் வால்ப்ரோ போலிகள் நிறையவே உண்டு.

போட்டுக்கொள்கிறவர்கள் மூடியை மூடுமுன் குழாயின் எழுத்தைப் போட்டோ எடுங்கள். இரண்டு பம்ப்பையும் ஓடவிட்டு, பம்ப் முனையில் வோல்ட்டை உங்கள் கண்ணெதிரே அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் தனியாக ஓடவிட்டு அழுத்தம் பாருங்கள். அணைந்திருக்கும் பம்ப்பின் ஒருவழி வால்வு சரியில்லாவிட்டால் பெட்ரோல் அதன் வழியாகவே தொட்டிக்குத் திரும்பிவிடும்.

பட்டறைக்காரரிடம் கேட்டதற்கு, "ரேஸ் காருக்கெல்லாம் வாரண்டி கிடையாது தம்பி" என்றார். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி மனு கொடுத்திருக்கிறேன். பிளந்த குழாய் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பத்திரமாக இருக்கிறது.