எம்பெடட் பணிக்கு லினக்ஸ் மடிக்கணினி: சுங்கை சிப்புட் கடையின் சேவை

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைவரிசையில் உள்ள சிறிய கணினிக் கடை ஒன்று, பழைய மடிக்கணினிகளைச் சீர்செய்து, எம்பெடட் மென்பொருள் (கருவிகளுக்குள் இருக்கும் சிறு கணினிகளை இயக்கும் மென்பொருள்) எழுதுவோருக்கு ஏற்றபடி லினக்ஸ் நிறுவித் தருகிறது. தோட்டப்புறத்திலிருந்து ஈப்போவுக்குப் போய்ப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி என்பதால், என் மகளுக்காக அங்கு வாங்கிய கணினியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் பதிப்பு, மடிக்கணினியிலிருந்தே ஆர்ம் வகைச் செயலிக்கான நிரலை உருவாக்கும் கிராஸ் கம்பைலர், நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட், சீரியல் இணைப்பில் பேச உதவும் பிகோகாம் ஆகியவை முன்னதாகவே நிறுவப்பட்டிருந்தன. மகளின் பயனர் கணக்கை டயல்அவுட் குழுவிலும் சேர்த்திருந்தனர். அதில் இல்லாதவர் சீரியல் போர்ட்டை, அதாவது பலகையோடு எழுத்து வரிகளைப் பரிமாறும் இணைப்பை, திறக்க முயன்றால் அனுமதி மறுக்கப்படும்.

கடைக்காரத் தம்பி சோதித்துக் காட்டிய விதம்தான் என் மனத்தில் நின்றது. சிஎச்340 சில்லு கொண்ட யூஎஸ்பி சீரியல் கம்பியைச் செருகியதும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தரும் செய்திகளைக் காட்டும் டிமெசெக் பதிவில், அந்த இணைப்பின் பெயரான டிடிஒய்யூஎஸ்பி0 தோன்றி, உடனே துண்டிக்கப்பட்டதாக அடுத்த வரி வந்தது. பிரெய்ல் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல், அந்தச் சில்லின் அடையாள எண்ணைப் பார்த்துத் தனக்குரிய கருவி என எடுத்துக்கொள்வதே காரணம் என்று விளக்கிய அவர், வீட்டில் யாருக்கேனும் பிரெய்ல் கருவி தேவைப்படுமா என்று கேட்டறிந்த பிறகே அதை நீக்கினார். பின்னர் கம்பியின் தரவு அனுப்பும் டிஎக்ஸ் முனையை மல்டிமீட்டரில் அளந்து, 3.3 வோல்ட் என உறுதி செய்துகொண்டு, மகளின் பீகிள்போன் பிளாக் என்ற சிறு கணினிப் பலகையில் இணைத்தார். தரவு வேகத்தை 115200 என வைத்ததும், பலகையைத் தொடக்கி வைக்கும் யூ-பூட் நிரலின் வரிகள் திரையில் ஓடின. 5 வோல்ட் கம்பி அந்தப் பலகையின் செயலியைக் கெடுத்துவிடக்கூடும். அளந்து பார்க்காமல் எதையும் மாட்டாத அந்தப் பழக்கத்தை மகளும் கற்றுக்கொண்டாள்.

குறையும் உண்டு. வட்டின் பெரும்பகுதியை விண்டோஸுக்கு விட்டுவிட்டு, லினக்ஸுக்கு 60 ஜிபி மட்டுமே ஒதுக்கியிருந்தனர். சிறு நிரல்களுக்கு அது போதும்; ஆனால் யோக்டோ என்ற கருவித்தொகுப்பைக் கொண்டு பலகைக்கான முழு லினக்ஸ் இமேஜை (அட்டையில் எழுதத்தக்க முழுக் கோப்பை) உருவாக்க முனைந்தால் அதன் அண்மைக்காலக் கையேடுகள் பதிப்பைப் பொறுத்து 90 அல்லது 140 ஜிபி காலியிடமாவது கேட்கின்றன. மடிக்கணினியில் உள்ள கோப்புகளைப் பலகை வலைப்பின்னல் வழியே பெற உதவும் டிஎஃப்டிபி, என்எஃப்எஸ் சேவைகளும் அமைக்கப்படவில்லை. அவை இல்லாவிட்டால் கெர்னலை மாற்றும்போது பலமுறை எஸ்டி அட்டையைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கலாம்.

எடுத்துச் சொன்னதும் கட்டணம் வாங்காமல் இடத்தை விரிவாக்கித் தந்தார்கள். டிஎஃப்டிபிக்கு மறுவாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கு வாங்க நினைப்போர் தங்கள் பலகையையும் கம்பியையும் கையோடு கொண்டுபோய், தங்கள் கண்முன்னே சோதித்துத் தரும்படி கேட்டு வாங்குங்கள்.