வீடியோவில் பேசும் நெசவாளரை நம்பிப் பணம் கட்டாதீர்கள்: என் 24,800 ரூபாய் போய்விட்டது

ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மகளின் நிச்சயதார்த்தத்துக்காக, சமூக ஊடகத்தில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்துக் காஞ்சிபுரம் பட்டுப்புடவைக்கு 24,800 ரூபாய் கட்டினேன். வந்திருப்பது பாலியஸ்டர். ஏமாந்துவிடாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

விளம்பரத்தில் ஒரு வயதான நெசவாளர் தறியில் உட்கார்ந்திருந்தார். நரைத்த மார்பு, நெற்றியில் திருநீறு, பின்னால் ஓட்டு வீடு. இடைத்தரகர் கிடையாது, பணம் முழுவதும் நெய்கிறவருக்கே போகும் என்றார்கள். தி.நகர்க் கடையில் கொடுப்பதை நெய்தவர் கையிலேயே கொடுப்போம் என்றுதான் பேசத் தொடங்கினேன். அப்போதும் பணம் அனுப்பவில்லை. வாட்ஸ்அப்பில் யாருக்கு, என்ன விசேஷம் என்று கேட்டார்கள், சொன்னேன். மறுநாள் ஒரு வீடியோ வந்தது. அதே பெரியவர், அதே தறி. என் மகளின் பெயரைச் சொல்லி, "இந்தக் குழந்தைக்கு என் பேத்திக்கு நெய்வதுபோல நெய்து தருகிறேன் தாயே" என்றார். என் மகளின் பெயரை ஒரு நெசவாளர் தறியில் உட்கார்ந்து சொல்கிறார்! அந்த நிமிடம்தான் 24,800 ரூபாயை அனுப்பினேன்.

நெய்ய நாளாகும் என்றார்கள். அந்த நாட்கள் நெய்வதற்கல்ல, பணம் கணக்கு மாறிப் போவதற்கு என்பது இப்போது விளங்குகிறது. பார்சலைப் பிரித்து ஓரத்து நூல் ஒன்றை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். இது உருகிச் சுருண்டு கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டது.

எங்கள் தெருவில் காஞ்சிபுரம் நெசவாளர் வீட்டில் பிறந்த அம்மா ஒருவர் இருக்கிறார். வீடியோவைக் காட்டியதும் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை, உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோர்க்கும் கோர்வைப் புடவை. குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓட வேண்டும், பக்கத்தில் துணை ஆள் இல்லாமல் எப்படி நெய்வார்?" மறுபடி ஓட்டிப் பார்த்தோம். நாடா இடமிருந்து வலமாகப் போகிறது, திரும்பி வரவே இல்லை. ஆனாலும் துணி வளர்ந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பெரியவர் என்று ஒரு மனிதரே கிடையாது. முகம், குரல், தறி எல்லாம் செயற்கை நுண்ணறிவு உருவாக்கியவை.

இதற்குச் சட்டம் இல்லை என்றால் மனம் ஆறியிருக்கும். தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தி, 2026 பிப்ரவரி 20 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். செயற்கையாக உருவாக்கிய காட்சி என்றால் பளிச்சென்று தெரியும்படி குறிப்பு இருக்க வேண்டும். பெரிய தளங்கள் பதிவேற்றுகிறவரிடம் உறுதிமொழி கேட்க வேண்டும், அது உண்மையா என்று தாங்களே சரிபார்க்கவும் வேண்டும். 2025 அக்டோபரில் வந்த வரைவில் திரையில் குறைந்தது 10 சதவீத இடத்தில் குறிப்பு தெரிய வேண்டும் என்று இருந்தது. இறுதி விதியில் அந்த அளவை எடுத்துவிட்டார்கள். எடுத்திருக்கவே கூடாது. ஆனால் நான் பார்த்த விளம்பரத்தில் 10 சதவீதம் என்ன, ஒரு எழுத்துகூட இல்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் என் 24,800 ரூபாய் என்னிடமே இருந்திருக்கும்.

தளத்துக்குப் புகார் அனுப்பினேன். "நீங்கள் குறிப்பிட்ட விளம்பரம் எங்கள் விதிகளை மீறவில்லை" என்று பதில் வந்தது. உங்கள் விதி கிடக்கட்டும், நாட்டின் விதி என்ன ஆயிற்று என்று கேட்டேன். அதே வாசகம் திரும்பி வந்தது. விளம்பரத்துக்குக் காசு வாங்கியவர்கள் அதில் வரும் மனிதர் உண்மையா என்று பார்க்க மாட்டார்களா? பணம் அனுப்பிய செயலியில், நீங்களே விரும்பி அனுப்பியது, திருப்ப இயலாது என்றார்கள். வங்கி, இணையவழிப் பண மோசடிக்குப் புகார் சொல்லும் 1930 என்ற உதவி எண்ணைக் கைகாட்டியது. அங்கே புகார் பதிவாகியிருக்கிறது, ஆனால் அந்தக் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லையாம். விற்றவர்கள் என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். நேற்று அதே பெரியவர் வேறு கடைப் பெயரில், வேறு புடவையோடு வருகிறார். இப்போதும் குறிப்பு இல்லை.

அவசரமாகச் சில விஷயங்கள். பட்டு என்றால் சில்க் மார்க் முத்திரை கேளுங்கள். நெசவாளரை நேரலையில் காட்டச் சொல்லுங்கள், நீங்கள் சொல்கிற நிறத்து நூலை அந்த நிமிடமே கையில் எடுக்கச் சொல்லுங்கள். பொருள் வருமுன் முழுப் பணம் வேண்டாம். சந்தேகம் தட்டினால் பார்சலுக்குக் காத்திருக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள், விளம்பரத்தையும் உரையாடலையும் அவர்கள் அழிக்குமுன் சேமித்துவிடுங்கள். இதே பெரியவருக்குப் பணம் கட்டியவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள், எல்லோருடைய புகார் எண்களையும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுக்கப் போகிறேன்.