ஸ்டீம்: நல்ல கடைதான், ஆனால் வாங்கியதை விற்க முடியாது

கணினி விளையாட்டுகளை ஸ்டீம் தளத்தில்தான் பல ஆண்டுகளாக வாங்கி வருகிறேன். ரூபாயிலேயே விலை போட்டிருப்பதும், தள்ளுபடிக் காலங்களில் பாதிக்கும் கீழே விலை இறங்குவதும், வாங்கிய 14 நாட்களுக்குள் 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருவதும் மனம் நிறைந்து பாராட்ட வேண்டியவை. ஆனால், ஆடி முடித்த விளையாட்டை இன்னொருவருக்கு விற்க இங்கே வழியில்லை. கணக்கையே பிறர் பெயருக்கு மாற்றவும் சந்தாதாரர் ஒப்பந்தம் இடம் தருவதில்லை.

2024 அக்டோபர் முதல், பணம் செலுத்தும் இடத்தில் ஒரு சிறு குறிப்பைக் காணலாம்: நாம் வாங்குவது விளையாட்டையே அல்ல, அதை ஆடுவதற்கான உரிமம் மட்டுமே என்கிறது அது. இதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்ற கலிபோர்னியா மாநிலச் சட்டம் 2025 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. என் அலமாரியில் உறை கிழிந்த பிளேஸ்டேஷன் 2 விளையாட்டு வட்டு ஒன்று இருக்கிறது; அதை நாளையே விற்றாலும் என்னை யாரும் கேட்க முடியாது.

பிரான்சில் யுஎஃப்சி கே ஷுவாசீர் என்ற நுகர்வோர் அமைப்பு, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மீது இந்த மறுவிற்பனைத் தடைக்காகவே வழக்குத் தொடுத்தது. 2019 செப்டம்பரில் பாரிஸ் நீதிமன்றம் மறுவிற்பனை உரிமை உண்டு என்றது. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2024 அக்டோபரில் நாட்டின் உச்ச நீதிமன்றமும் வால்வ் பக்கமே நின்றது. தரவிறக்கிய நிரந்தர மென்பொருள் உரிமத்தை, தன்னிடமுள்ள பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட்டு விற்கலாம் என்று ஆரக்கிள் என்ற மென்பொருள் நிறுவனம் தொடர்பான வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012இலேயே சொல்லியிருந்தது. விளையாட்டு வெறும் மென்பொருள் அல்ல, படமும் இசையும் சேர்ந்த படைப்பு என்பதால் அந்த விதி பொருந்தாது என்பதும், ஆடி முடித்ததும் அது விரைவில் சந்தைக்குத் திரும்பிவிடும் என்பதும் பிரெஞ்சு நீதிபதிகளின் வாதம். இந்த இரண்டாவது காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. படித்து முடித்த நாவலும் அப்படித்தான் பழைய புத்தகக் கடைக்கு வந்து சேர்கிறது. அதற்காக யாரும் அந்தக் கடைகளை மூடச் சொன்னதில்லை.

ஆகவே, ஆண்டுக்கணக்கில் ஆடப்போகும் விளையாட்டுகளைத் தள்ளுபடி நாட்களில் ஸ்டீமில் வாங்குங்கள். ஒருமுறை ஆடிவிட்டுக் கைமாற்ற நினைப்பவற்றை, கிடைக்கும் வரை, நான் வட்டாகவே வாங்குகிறேன்.