‘அவுட்’டா, ‘அன்ஃபர்கிவன்’னா?

ஜெயிலிலிருந்து வெளியே வந்தவன் வாழ்க்கையைச் சொல்லும் பிரிட்டிஷ் தொடர் ஒன்றே ஒன்று சொல்லு, இரண்டு பார்க்க நேரமில்லை என்றான் நண்பன். ‘அன்ஃபர்கிவன்’, ‘அவுட்’ இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்து முடித்திருந்தேன். ‘அவுட்’ என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் என்று அப்புறம்தான் யோசித்தேன்.

இரண்டுமே ஐடிவி சேனலில் வந்தவை. ‘அவுட்’ 1978, ஆறு பாகம், டிரெவர் பிரெஸ்டன் எழுதியது. ‘அன்ஃபர்கிவன்’ 2009, மூன்றே பாகம், எழுதியவர் சாலி வெயின்ரைட். சீக்கிரம் முடிய வேண்டும் என்றால் இரண்டாவதுதான் வசதி.

அதில் ரூத்தாக சுரான் ஜோன்ஸ். வீட்டைக் காலி செய்ய வைக்க வந்த இரண்டு போலீஸ்காரர்களைக் கொன்றதாகப் பதினைந்து வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்து, தத்துப் போன தங்கையைத் தேடுகிறாள். செத்துப்போன போலீஸ்காரர் ஒருவரின் மகன்களுடைய ஆத்திரத்துக்கும் கதையில் இடம் இருக்கிறது. அது எனக்குப் பிடித்தது. ஆனால் தங்கையைத் தேடும் அக்கா என்றதுமே நம் மனசு அவள் பக்கம் சாய்ந்துவிடுகிறது. இதை ஒரே தடவைதான் பார்த்தேன், மறுபடி பார்த்தால் என் எண்ணம் கொஞ்சம் மாறலாம்.

‘அவுட்’டின் ஃபிராங்க் ராஸிடம் அப்படிச் சாய ஒன்றுமில்லை. பாங்க் கொள்ளைக்காக எட்டு வருடம் உள்ளே இருந்தவன். வெளியே வந்ததும் அவனுக்கு ஒரே கேள்வி: என்னைக் காட்டிக்கொடுத்தவன் யார்? லண்டன் திருட்டு உலகில் அப்படிப்பட்டவனை ‘கிராஸ்’ என்பார்கள், புல்லுக்குச் சொல்லும் அதே சொல். ஃபிராங்காக நடிக்கும் டாம் பெல் ஃபிராங்காகவே இருக்கிறார். ஒட்டிய கன்னம், அசையாத கண். எதிரில் இருப்பவன் உளறிக்கொட்டும் வரை இவர் வாய் திறப்பதில்லை. ஸ்டுடியோ செட்டில் அடைக்காமல் லண்டன் தெருவிலேயே ஃபிலிமில் எடுத்ததால் இன்றும் பழைய நெடி அடிக்கவில்லை. பேச்சுதான் கஷ்டம், சப்டைட்டில் இல்லாமல் எனக்குப் பாதிகூடப் புரிந்திருக்காது.

என்னைத் தீர்மானிக்க வைத்தது ஈவ், அவன் மனைவி. அவன் உள்ளே இருந்த காலத்தில் அவள் மனம் உடைந்து மனநல மருத்துவமனையில் கிடக்கிறாள். மகன் கைநழுவிப் போய்க்கொண்டிருக்கிறான். எட்டு வருடத்தை அவன் மட்டும் அனுபவிக்கவில்லை, இந்த இரண்டு பேரும்தான் சேர்ந்து அனுபவித்திருக்கிறார்கள். ஃபிராங்குக்கு அவர்கள்மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் கையில் கிடைத்த நேரத்தையெல்லாம் அந்தத் துரோகியைத் தேடுவதிலேயே கொட்டுகிறான். தன்னை ஒருவன் கெடுத்தான் என்ற கோபம் பெரிதாக இருப்பதால், தான் யாரைக் கெடுத்தோம் என்று பார்க்க வேண்டிய அவசியம் அவனுக்கு வரவே இல்லை. இதை யாரும் வசனமாகச் சொல்வதில்லை. ஈவ் வரும் காட்சிக்கும் அவன் அடுத்த ஆளை மிரட்டப் போகும் காட்சிக்கும் நடுவில் நாமாகத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ரூத் இழந்தது தங்கையை, அவளைத் தேடித்தான் போகிறாள். ஃபிராங்க் இழந்தது கண்ணெதிரே இருக்க, வேறெங்கோ தேடுகிறான். வெளியே வந்த பிறகான வாழ்க்கை என்றால் எனக்கு இதுதான் அதிகம் உறைத்தது.

நண்பன் இரண்டு பாகம் பார்த்துவிட்டு நேற்று ராத்திரி போன் செய்தான். காட்டிக்கொடுத்தவன் யார் என்று கேட்கவில்லை. ஈவ் வீட்டுக்கு வந்துவிடுவாளா என்று கேட்டான். மீதி நாலையும் பார்த்துவிட்டுப் பேசு என்றேன்.