ஐ.சி.எம்.ஆர் மாணவர் ஆய்வு உதவித்தொகை: செய்து பார்த்தவளின் மதிப்புரை

எம்பிபிஎஸ் படிக்கும்போதே ஆராய்ச்சி செய்ய, ஐ.சி.எம்.ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பணம் தரும் திட்டம் இது. 1979-லிருந்து நடக்கிறது. இரண்டு மாத வேலைக்கு முன்பு 20,000 ரூபாய் தந்தார்கள். பிறகு 50,000 ஆக்கினார்கள். அந்த உயர்வு இல்லையென்றால் நான் விண்ணப்பித்திருக்கவே மாட்டேன்.

நான் ஆய்வுக்கு எடுத்தது உண்ணிக் காய்ச்சல், சிறு பூச்சி கடித்து வருவது. மழைக்காலம் வந்தால் களக்காடு, அம்பை பக்கமிருந்து காய்ச்சலோடு பாளையங்கோட்டை மருத்துவமனைக்கு வந்துகொண்டே இருப்பார்கள். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு, அக்குளிலோ சேலைக் கொசுவத்துக்கு அடியிலோ ஒளிந்திருக்கும். வலிக்காது, அதனால் யாரும் சொல்வதில்லை. நாம்தான் தேட வேண்டும். "ஒரு பூச்சி கடிச்சதுக்கா இத்தன கேள்வி கேக்க, மக்கா?" என்றார் ஒரு ஆச்சி. பொருக்கைக் கண்டோம், டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தோம். இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். அந்தக் காலையில்தான் வார்டும் ஆய்வகமும் எனக்கு ஒரே வேலையாகத் தெரிந்தன.

விண்ணப்பம் இணையத்தில்தான், சிக்கல் இல்லை. ஆய்வில் நோயாளிகளுக்குத் தீங்கில்லையா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு மட்டும் முன்கூட்டியே அலையுங்கள்.

குறை என்றால், எலிசா கிட் (ரத்தப் பரிசோதனைப் பெட்டி) போன்ற செலவுக்குத் தனிப் பணம் கிடையாது. இரண்டு மாதமும் போதாது. ஒரு மழைக்காலம் முழுக்க நோயாளிகளைத் தொடர ஆறு மாதமாவது வேண்டும். பயிற்சி மருத்துவர்களுக்கும் இதே கதவைத் திறந்துவிட வேண்டும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். இரண்டாம் ஆண்டிலேயே ஒரு வழிகாட்டியைப் பிடித்துவிடுங்கள்.