வீட்டுக்கல்வியில் தமிழும் ஆங்கிலமும்: எது முதலில், யார் சொல்லித்தருவது?

வீட்டிலேயே பாடம் படிக்கும் பிள்ளைக்கு இரண்டு மொழியை எப்படிக் கொண்டுபோவது? ஆளுக்கொரு மொழி, வேளைக்கொரு மொழி, ஒன்றை வாசிக்கப் பழகிய பிறகு மற்றொன்று. மூன்றையும் எங்கள் மகளிடம் செய்து பார்த்துவிட்டோம். அவளுக்கு இப்போது ஏழு வயது.

ஆளுக்கொரு மொழி பழைய யோசனை. பிரெஞ்சு மொழியியலாளர் ஜூல் ரோன்ஜா மகனிடம் பிரெஞ்சிலேயே பேசினார், அவர் மனைவி ஜெர்மனிலேயே பேசினார். அந்த அனுபவம் 1913இல் நூலாக வந்தது. அங்கே அவரவர் பேசியது அவரவர் தாய்மொழி. எங்கள் வீட்டில் இருவருக்கும் தமிழ்தான். ஆங்கிலம் என் பங்காக வந்தது. பிள்ளை முட்டியைச் சிராய்த்துக்கொண்டு அழுதபடி ஓடிவந்தால் என் வாயில் "அச்சச்சோ, வாடா தங்கம்" என்றுதான் வருகிறது. மூன்று வாரத்தில் விட்டுவிட்டோம். அப்பாவும் அம்மாவும் வெவ்வேறு மொழிக்காரர்கள் என்றால் தயங்காமல் இதையே எடுங்கள்.

வேளை பிரிப்பது சுலபம். காலையில் தமிழ், சாயங்காலம் ஆங்கிலம். ஸ்டோரிவீவர் தளத்தில் பல கதைகள் இரண்டு மொழியிலும் இலவசமாகவே இருக்கின்றன. ஆனால் எழுத்துகளையும் இப்படிச் சேர்த்தே தொடங்கினால், 26 எழுத்து சீக்கிரம் முடிந்துவிடும், தமிழ் பின்தங்கும். நாமும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவோம்.

எங்களுக்குக் கைகொடுத்தது மூன்றாவது வழி: முதலில் தமிழ் வாசிப்பு, பிறகு ஆங்கிலம். தமிழெழுத்து 247 என்றதும் மலைக்கிறோம். உண்மையில் 12 உயிர், 18 மெய், சில குறிகள் பிடிபட்டால் மீதி தானாகக் கூடும். கு, டு, து, மு என உகரமும் அதன் நெடிலும் ஏறும்போது மட்டும் வடிவம் மாறிமாறி வரும், அங்கே பொறுமை வேண்டும். 'கல்', 'தங்கம்' இரண்டிலும் ககரம் வேறுவேறாக ஒலிப்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அது பிள்ளையின் வாயிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'புட்' (put), 'பட்' (but) இரண்டுக்கும் நடுவில் ஒரே எழுத்து, u. அதைத் தனியாக மனப்பாடம் செய்தாக வேண்டும்.

நிஜமான சிக்கல் பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். அவள் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது இன்னொன்று. அதனால் அவள் சொன்ன "பாட்டி வந்துட்டாங்க" என்பதை அப்படியே சிலேட்டில் எழுதி, கீழே "பாட்டி வந்துவிட்டார்" என்று எழுதினோம். தினம் இரண்டு வரி. புத்தகத் தமிழ் அவளுக்கு அந்நியமாக இல்லாமல் போனது இதனால்தான். அதுவரை ஆங்கிலம் காதுக்கு மட்டும்: சாயங்காலக் கதை, பாட்டு. தமிழ்க் கதை ஒன்றைத் தனியாகப் படித்து முடித்த பிறகுதான் ஆங்கில எழுத்தைத் தொட்டோம். எழுத்தைக் கூட்டினால் சொல் வரும் என்பது தெரிந்திருந்ததால் வேகமாகப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வருஷமே ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் இவ்வளவு காத்திருக்க முடியாது, வேளை பிரித்து இரண்டையும் தொடங்குங்கள். பள்ளிக்குப் போகாமலே தேர்வு எழுத வழிதரும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் (NIOS) பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு ஐந்து பாடங்களில் ஒரு மொழி போதும், இரண்டு மொழி வரை எடுக்கலாம். ஒன்று போதும் என்றால் தமிழைத்தான் முதலில் விடுவார்கள். நாங்கள் இரண்டையும் எழுத வைக்கப்போகிறோம்.